தீராத நோயாளிகளின் தாய்: அன்னை மேரி அல்போன்சா

விழா மலர் என்றால் அதில் ஆலயத்தின் வரலாறு இருக்கும். கோபுரம் எழுந்த கதை இருக்கும். பணிபுரிந்த பங்குத் தந்தையரின் பெயர் வரிசை இருக்கும். இவையெல்லாம் நாம் பெருமையோடு நினைவுகூர வேண்டியவையே. எனினும் இந்த மலரின் சில பக்கங்களை, கோபுரமும் மணியும் இல்லாமல், வாடகைக்கு எடுத்த சில அறைகளில் இறைப்பணியைத் தொடங்கிய ஒரு பெண்மணிக்கு ஒதுக்க விரும்புகிறோம். அவருடைய சுரூபம் நம் ஆலயப் பீடங்களில் இல்லை. அவருடைய பெயர்கூட நம்மில் பலருக்குப் புதிதாக இருக்கலாம். ஆனால் அவர் செய்த பணி நம் தெருவில், நம் அடுத்த வீட்டில் இன்றும் தேவைப்படுகிற பணி. ஆகவேதான் அவரைப் பங்கு மக்களாகிய உங்களுக்கு அறிமுகம் செய்கிறோம்.

எழுத்தாளரின் மகள்

அமெரிக்க நாட்டின் மாபெரும் நாவலாசிரியர்களுள் ஒருவர் நத்தானியேல் ஹாதார்ன். அவருடைய மூன்று குழந்தைகளில் இளையவர் ரோஸ். 1851-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் லெனாக்ஸ் என்னும் ஊரில் பிறந்தார். குடும்பம் கத்தோலிக்கக் குடும்பமன்று. 1853-இல் தந்தை இங்கிலாந்தின் லிவர்ப்பூல் துறைமுக நகரில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக நியமிக்கப்பட்டதால், ரோஸ் குழந்தைப் பருவத்தில் இங்கிலாந்திலும் பின்னர் இத்தாலியிலும் வளர்ந்தார். உரோமை நகரில் இருந்தபோது, வத்திக்கான் தோட்டத்தில் துள்ளி ஓடிய சிறுமி ரோஸ், உலாவிக்கொண்டிருந்த திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் மேல் போய் மோதிவிட்டாள் என்றும், அவர் புன்னகையோடு அவள் தலைமேல் கைவைத்து ஆசீர்வதித்தார் என்றும் சொல்வார்கள்.

லிவர்ப்பூலில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியை இங்கே குறிப்பிட வேண்டும். பிற்காலத்தில் ரோஸ் ஆற்றிய பணிக்கு அதுவே வித்து என்று எண்ண இடமுண்டு. ஹாதார்ன் அந்நகரின் ஏழைகள் விடுதி ஒன்றைப் பார்க்கச் சென்றார். நோயால் தோலும் கண்ணும் கெட்டுப்போன ஒரு குழந்தை அவர் பின்னாலேயே வந்து, தன்னைத் தூக்கிக்கொள்ளும்படி வாய்பேசாமல் அவர்முன் நின்றது. ஹாதார்ன் கூச்ச சுபாவம் உடையவர். அசுத்தத்தைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவர். ஆனாலும் அந்தக் குழந்தையைத் தூக்கி, சொந்தத் தந்தையைப்போல் தழுவிக்கொண்டார். 1863-இல் வெளிவந்த நூலில் இந்நிகழ்ச்சியை யாரோ ஒருவர் செய்ததாகத்தான் எழுதினார். அவர் இறந்தபின் மனைவி வெளியிட்ட குறிப்பேடுகளிலிருந்தே அந்த மனிதர் அவரே என்பது உலகுக்குத் தெரியவந்தது. தந்தை எழுதிய அனைத்திலும் இந்தப் பக்கத்தையே ரோஸ் மிக உயர்வாக மதித்தார்.

துன்பம் கற்பித்த பாடம்

1864 மே 19-ஆம் நாள் தந்தை காலமானார். மறுநாள் ரோசுக்குப் பதின்மூன்றாவது பிறந்தநாள். 1871-இல் தாயும் இலண்டனில் இறந்தார். அதே ஆண்டு செப்டம்பரில், இருபது வயதில், ஜார்ஜ் பார்சன்ஸ் லாத்ரப் என்னும் இளம் எழுத்தாளரை ரோஸ் மணந்துகொண்டார். 1876-இல் பிரான்சிஸ் என்னும் ஆண் குழந்தை பிறந்தது. மகப்பேற்றுக்குப்பின் ரோஸ் மனம் கலங்கிச் சிலகாலம் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. தேறிவந்து மகனை ஆசையோடு வளர்த்தார். 1881 பிப்ரவரியில் தொண்டை அடைப்பான் நோய் அந்த நான்கு வயதுப் பாலகனைக் கொண்டுபோய்விட்டது. அவருக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை.

கணவனும் மனைவியும் கத்தோலிக்க மறையைப் பற்றி அறிந்து, நெடுநாள் சிந்தித்து, 1891 மார்ச் 19-ஆம் நாள், புனித சூசையப்பர் திருநாளன்று, நியூயார்க் நகரின் புனித பவுல் ஆலயத்தில் திருச்சபையில் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். ஆனால் இல்லற வாழ்வில் அமைதி வரவில்லை. ஜார்ஜ் குடிப்பழக்கத்துக்கு அடிமையாயிருந்தார். பல ஆண்டுகள் பொறுத்துப் பார்த்தபின், 1895-இல் திருச்சபையின் அனுமதியோடு ரோஸ் கணவரைப் பிரிந்து வாழத் தொடங்கினார்.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். பெற்றோரை இழந்தவர், பிள்ளையைப் பறிகொடுத்தவர், மணவாழ்வு முறிந்தவர், வயது நாற்பத்து நான்கு. கவிதைகளும் கதைகளும் எழுதியிருந்தாலும் தந்தையின் புகழுக்கு முன் அவை மங்கிப்போயின. உலகத்தின் கணக்கில் இது தோற்றுப்போன வாழ்க்கை. இறைவனின் கணக்கோ வேறாக இருந்தது.

ஒரு தையற்காரப் பெண்ணின் முடிவு

அக்காலத்தில் புற்றுநோய் என்றாலே மக்கள் நடுங்கினார்கள். அது தொற்றிக்கொள்ளும் என்று பலர் நம்பினார்கள். அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது என்பதை இன்று நாம் நன்கு அறிவோம். அன்று அறுவைச் சிகிச்சை தவிர வேறு வைத்தியம் இல்லை. எக்ஸ்-கதிர் 1895-இலும் ரேடியம் 1898-இலும்தான் கண்டுபிடிக்கப்பட்டன. நோய் முற்றியவர்களை மருத்துவமனைகள் வைத்துக்கொள்வதில்லை. குணமாக வழியில்லை என்று வெளியே அனுப்பிவிடும். பணமுள்ளவர் வீட்டுக்குத் திரும்பிச் செவிலியரை அமர்த்திக்கொள்வார். ஏழைக்கு எங்கே போவது? வாடகை வீட்டார் புண்ணின் நாற்றத்துக்கு அஞ்சிக் கதவை அடைப்பார்கள். எஞ்சியது கிழக்கு ஆற்றின் நடுவே இருந்த பிளாக்வெல்ஸ் தீவு. நகரத்தின் சிறைச்சாலையும் அனாதை முதியோர் விடுதியும் இருந்த இடம் அது.

ரோசின் தோழியரில் ஒருவர் கவிஞர் எம்மா லாசரஸ். நியூயார்க் துறைமுகத்துச் சுதந்திரதேவி சிலையின் பீடத்தில் பொறிக்கப்பட்டுள்ள கவிதையை இயற்றியவர் இவரே. செல்வக் குடும்பத்தில் பிறந்த அவர் 1887-இல் புற்றுநோயால் இறந்தபோது, உறவினரின் அன்பும் வேண்டிய பணிவிடையும் குறைவின்றி இருந்தன. சில ஆண்டுகளுக்குப் பின் ரோஸ் ஓர் ஏழைத் தையற்காரப் பெண்ணைப்பற்றிக் கேள்விப்பட்டார். நல்ல குணமும் உழைப்பும் உடைய அந்தப் பெண்ணுக்கு அதே நோய். கைப்பொருள் தீர்ந்ததும் அவள் அந்தத் தீவுக்கு அனுப்பப்பட்டு, அநாதையாக உயிர்விட்டாள்.

இருவருக்கும் ஒரே நோய்தான். ஒருத்தி அன்பின் நடுவே இறந்தாள். மற்றவள் அவமானத்தின் நடுவே இறந்தாள். இந்த வேற்றுமை ரோசின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள அவர் மனம் இடம்கொடுக்கவில்லை. தானே செவிலியாக வேண்டும், ஏழைகளின் நடுவில் ஏழையாக வாழவேண்டும் என்று தீர்மானித்தார்.

ஸ்கேமல் தெரு அறைகள்

1896-இல் ரோஸ் நியூயார்க் புற்றுநோய் மருத்துவமனையில் சேர்ந்து மூன்று மாதங்கள் பயிற்சி பெற்றார். நளினமாக வளர்ந்த அவருக்கு முதல் நாட்களில் அந்தப் புண்களைப் பார்ப்பதே பெரும் சோதனையாக இருந்தது. ஆனாலும் பின்வாங்கவில்லை. அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் நகரின் கீழ்க்கிழக்குப் பகுதியில், ஸ்கேமல் தெருவில், சில அறைகளை வாடகைக்குப் பிடித்தார். அயர்லாந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைக்க வந்த ஏழைகள் காற்றும் வெளிச்சமும் இல்லாத அடுக்குக் குடியிருப்புகளில் நெருக்கியடித்துக் கிடந்த பகுதி அது. தம் கைகளாலேயே அறைகளைக் கழுவித் துடைத்துச் சுத்தம் செய்து, பணியைத் தொடங்கினார்.

காலையில் அக்கம்பக்கத்து நோயாளிகள் வருவார்கள். அவர்களுடைய புண்ணைக் கழுவி, மருந்திட்டு, புதிய துணியால் கட்டுவார். நடக்க முடியாதவர்களை மாடிப்படி ஏறிப்போய்ப் பார்ப்பார். போக்கிடமற்ற பெண்களைத் தம் அறையிலேயே சேர்த்துக்கொள்வார். படுக்கை அவர்களுக்குப் போனது. தமக்கு எஞ்சிய மூலை போதுமென்று இருந்தார். மறு ஆண்டு சற்றுப் பெரிய இடம் தேடி வாட்டர் தெருவுக்கு மாறினார்.

செலவுக்கு என்ன வழி? தந்தையிடமிருந்து வந்த எழுத்துத் திறமையை ரோஸ் இப்போது ஏழைகளுக்காகப் பயன்படுத்தினார். செய்தித்தாள்களுக்குக் கடிதம் எழுதினார். தாம் பார்த்ததை மிகைப்படுத்தாமல் விவரித்து, உதவி கேட்டார். சில்லறைக் காசிலிருந்து பெருந்தொகை வரை வந்தது. பழந்துணியும் வந்தது, புண்கட்டத் துணி தேவையாயிருந்ததால் அதையும் நன்றியோடு பெற்றுக்கொண்டார். புகழ்பெற்ற எழுத்தாளர் மார்க் ட்வெய்னும் அவருடைய பணிக்கு ஆதரவளித்தவர்களுள் ஒருவர்.

வாரத்தில் ஒரு பிற்பகல்

பணம் வந்தது, ஆட்கள் வரவில்லை. வந்த சிலரும் ஓரிரு நாட்களில் போய்விட்டார்கள். 1897 டிசம்பரில் ஆலிஸ் ஹியூபர் என்னும் இளம்பெண் கதவைத் தட்டினார். கென்டக்கி மாநிலத்து மருத்துவர் ஒருவரின் மகள். ஓவியம் கற்று நியூயார்க்கில் வாழ்ந்தவர். ரோசின் அறைகளைப் பார்த்ததும் அவருக்குத் திகைப்பும் அருவருப்பும்தான் ஏற்பட்டன. ஆயினும் தனியாகப் பாடுபடும் அந்தப் பெண்மணியைப் பார்த்து இரக்கம் கொண்டு, வாரத்தில் ஒரு பிற்பகல் வந்து உதவுவதாக ஒப்புக்கொண்டார். ஒரு பிற்பகல்தான்! அந்த ஒரு பிற்பகல் அவரை விடவில்லை. 1898 மார்ச்சில் தம் உடைமைகளோடு வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டார். இருவரும் சேர்ந்தபின்தான் அந்தப் பணி வேரூன்றியது. அதே ஆண்டு ஏப்ரலில் ஜார்ஜ் லாத்ரப் காலமானார்.

சாமிநாதர் சபையின் உடையில்

1899-இல் நன்கொடைகளைக்கொண்டு செர்ரி தெருவில் சொந்தமாக ஒரு வீடு வாங்கப்பட்டது. தன் வீட்டிலேயே நோயாளிகளைப் பேணிய லீமா நகர்ப் புனித ரோசம்மாளின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அங்கே வந்த சாமிநாதர் சபைக் குரு அருட்தந்தை கிளமெண்ட் தூயெந்தே, புனித ரோசம்மாளும் சாமிநாதரின் மூன்றாம் சபையைச் சேர்ந்தவரே என்பதை நினைவூட்டி, இவர்களையும் அச்சபையில் சேர ஊக்கப்படுத்தினார். அவ்வாறே சேர்ந்தார்கள். 1900 டிசம்பர் 8-ஆம் நாள், அமல உற்பவ அன்னையின் திருநாளன்று, பேராயர் காரிகனின் இசைவோடு இருவரும் துறவற வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். ரோஸ், அன்னை மேரி அல்போன்சா ஆனார். ஆலிஸ், சகோதரி மேரி ரோஸ் ஆனார். தீராத புற்றுநோயாளிகளின் துயர்தீர்க்கும் ஊழியர்கள் என்பது புதிய சபை ஏற்றுக்கொண்ட பெயர்.

1901-இல் நியூயார்க்குக்கு வடக்கே, ஷெர்மன் பார்க் என்னும் சிற்றூரில், பிரெஞ்சு நாட்டுச் சாமிநாதர் சபைக் குருக்களிடமிருந்து மரத்தாலான ஒரு பெரிய வீட்டை வாங்கினார்கள். செபமாலைக் குன்று எனப் பொருள்படும் ரோசரி ஹில் இல்லம் அதுவே. அந்த ஊரே பின்னர் ஹாதார்ன் என்று பெயர் மாறியது. 1912-இல் நியூயார்க் நகரிலும் ஜாக்சன் தெருவில் ஒரு பெரிய கட்டடம் எழுந்தது.

இல்லத்தின் ஒழுங்குகள்

அன்னை வகுத்த ஒழுங்குகள் எளியவை. முதலாவது, நோயாளியிடமோ அவர் உறவினரிடமோ ஒரு காசுகூடக் கட்டணம் வாங்கக்கூடாது. பணம் கொடுப்பவர் என்றும் கொடாதவர் என்றும் பிரிவு வந்தால் ஏழை மீண்டும் கடைசி வரிசைக்குப் போய்விடுவார் என்பது அவருக்குத் தெரியும். இரண்டாவது, மதம் கேட்கக்கூடாது. மூன்றாவது, எவ்வளவு கோரமான புண்ணாயினும் சகோதரியின் முகத்தில் அருவருப்பு தோன்றக்கூடாது. நான்காவது, புதிய மருந்துகளைச் சோதித்துப் பார்க்கும் களமாக ஏழையின் உடலை ஆக்கக்கூடாது. நோயாளி அந்த இல்லத்தின் விருந்தாளி. அவருக்குச் சுத்தமான படுக்கை, விருப்பமான உணவு, பூக்கள், பேச்சுத்துணை எல்லாம் உண்டு. கத்தோலிக்கருக்குத் திருப்பலியும் நற்கருணையும் நோயில்பூசுதலும் கிடைத்தன. பிறருக்கு அவரவர் மனச்சான்றின்படி நிம்மதியாக இறக்கும் உரிமை கிடைத்தது.

1967-இல் மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தை நிறுவி, இறுதி நாட்களின் வலியைத் தணிப்பதை ஒரு தனி மருத்துவத் துறையாகவே வளர்த்தார். 1986-இல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்குப் படிப்படியாக மருந்து கொடுக்கும் முறையை நாடுகளுக்கெல்லாம் அறிவித்தது. இன்று வலிதணிப்புச் சிகிச்சை என்று நாம் கேள்விப்படுவது இதுவே. மருந்தறிவு வளர்ந்திருக்கிறது. ஆனால் மருந்து மட்டும் போதாது, அருகில் ஒரு மனிதர் வேண்டும் என்பதை அன்னை அல்போன்சா அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே வாழ்ந்து காட்டிவிட்டார்.

இறுதி நாட்கள்

ரோசரி ஹில் மரவீட்டில் தீப்பிடித்தால் எழுந்து ஓட முடியாத நோயாளிகள் என்ன ஆவார்கள் என்ற கவலை அன்னையை வாட்டிக்கொண்டே இருந்தது. தீப்பற்றாத கட்டடம் ஒன்றை எழுப்ப முதிய வயதிலும் ஓயாமல் கடிதம் எழுதி நிதி திரட்டினார். 1925-இல், தந்தை பட்டம்பெற்று நூறு ஆண்டு நிறைந்த வேளையில், அதே போடன் கல்லூரி மகளுக்குக் கௌரவ முதுகலைப் பட்டம் அளித்தது. 1926 ஜூலை 9-ஆம் நாள், பெற்றோரின் திருமண நாளன்று, ரோசரி ஹில் இல்லத்தில் உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. வயது எழுபத்தைந்து. அவர் கண்ட கனவுக் கட்டடத்தைச் சகோதரி ரோஸ் கட்டிமுடித்து, 1942 வரை சபையை வழிநடத்தினார். பிலடெல்பியா, அட்லாண்டா முதலிய நகரங்களிலும் இல்லங்கள் எழுந்தன.

அட்லாண்டா இல்லத்தில், முகத்தில் பெரும் புற்றுக்கட்டியோடு மூன்று வயதில் சேர்க்கப்பட்ட ஒரு சிறுமி, பன்னிரண்டு வயதில் 1959-இல் இறக்கும்வரை, அந்த வீட்டையே தன் சிரிப்பால் நிறைத்தாள். சகோதரிகள் அவளைப்பற்றி எழுதிய நூல் 1961-இல் வெளிவந்தது. அதற்கு முன்னுரை எழுதிய கத்தோலிக்க எழுத்தாளர் பிளானரி ஓ'கானர், லிவர்ப்பூலில் ஹாதார்ன் தூக்கி அணைத்த குழந்தையிலிருந்து இந்தச் சிறுமிவரை ஒரே அன்பின் இழை ஓடுவதை எடுத்துக்காட்டினார். ஒருவர் மனமில்லாமல் குனிந்து தூக்கிய ஒரு குழந்தை, நூறு ஆண்டுகளுக்குப் பின் வேறொரு நாட்டில் இன்னொரு குழந்தைக்கு வீடாயிற்று!

2003-இல் அன்னையைப் புனித நிலைக்கு உயர்த்தும் முயற்சி நியூயார்க் மறைமாவட்டத்தில் தொடங்கியது. 2024 மார்ச் மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் அவருடைய வீரத்துவப் புண்ணியங்களை ஏற்று, வணக்கத்துக்குரியவர் என அறிவிக்கச் செய்தார்.

நமக்கு ஒரு கேள்வி

அன்பார்ந்த பங்கு மக்களே! விழாக் கொண்டாட்டத்தின் நடுவே இந்த வரலாற்றை ஏன் எழுதினோம்? நம் வீடுகளிலும் புற்றுநோய் நுழைந்திருக்கிறது. பலர் அதை வெளியில் சொல்வதில்லை. பெண் பிள்ளையின் திருமணம் தடைப்படுமோ என்று மறைக்கிறோம். நோயாளியைப் பின்னறையில் படுக்கவைக்கிறோம். பார்க்கப் போகிறவர்களும் வாசற்படியில் நின்று, காதோடு காதாகப் பேசிவிட்டுத் திரும்புகிறோம். தட்டையும் தம்ளரையும் தனியாக வைக்கிற அறியாமைகூட இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. மருத்துவர் கைவிட்டார் என்ற சொல்லைக் கேட்டதும் நாமும் கைவிட்டு விடுகிறோம். அந்தத் தையற்காரப் பெண்ணுக்கு ஆற்றின் நடுவே ஒரு தீவு இருந்தது. நாம் நம் தெருவிலேயே அத்தகைய தீவுகளை உண்டாக்கி விடுகிறோமோ என்று அஞ்சுகிறோம்.

நம்மில் எல்லாரும் அன்னை அல்போன்சா ஆக முடியாது. ஆனால் ஆலிஸ் ஹியூபர் தொடங்கியதைப்போல் வாரத்தில் ஒரு பிற்பகல் கொடுக்க யாரால் முடியாது? இரவெல்லாம் விழித்திருந்த மனைவியை இரண்டு மணி நேரம் உறங்கவிட்டு, நோயாளியின் அருகில் நாம் உட்காரலாம். ஒருவேளைச் சோறு சமைத்துக் கொண்டுபோகலாம். பெரிய மருத்துவமனைக்குப் போக வழிதெரியாத குடும்பத்தோடு துணையாகப் பேருந்து ஏறலாம். வலியைத் தணிக்க மருந்துண்டு, அதை மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள் என்று எடுத்துச் சொல்லலாம். பங்குத் தந்தையிடம் சொல்லி நற்கருணைக்கு ஏற்பாடு செய்யலாம். நம் மரியாயின் சேனையினரும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் இதற்கு வழிகாட்டினால் இளைஞர்களும் பின்தொடர்வார்கள். சாதியும் மதமும் கேளாமல் இதைச் செய்வோமானால் ஊரே நம் ஆலயத்தை வேறு கண்ணால் பார்க்கும்.

ஆலய மணி ஒலிக்கும்போதெல்லாம் அதைக் கேட்டும் எழுந்துவர முடியாமல் படுத்திருப்பவர் ஒருவர் நம்மிடையே இருப்பார். திருப்பலி முடிந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில், அவர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போவோம்.